தெரியாதவர் டியூட்டி

குழந்தையின் ஷூவைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நின்றதை மாதாப்பூரில் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. பார்த்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் இப்போது அமெரிக்காவில் இருப்பார்கள். இருக்கட்டும்.

போன மாதம், நான் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஆயாக்கள். அங்கே இப்போது மூலைக்கு ஒரு கேமரா வைத்துவிட்டார்களாம். பெற்றவர்கள் ஆபீசில் உட்கார்ந்தபடியே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாமாம். இந்தப் பெண்களில் ஒருத்தி பிளாஸ்டிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பிள்ளையிடம், "என் தொப்பி நல்லா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். உடனே ஒரு தகப்பனார் போன் போட்டு, "அந்த ஆயாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று விசாரித்தாராம்.

"ஆயாம்மா, இனிமே இதைச் செய்யலாமா வேணாமா? இதுல நீங்கதான் பெரிய ஆளுன்னு சொன்னாங்க" என்றாள் அவள்.

பெரிய ஆள்தான். ஆனால் அதை வாசற்படியில் நின்று சொல்லிவிட முடியாது. உட்காரச் சொன்னேன். அவர்களுக்கு பஸ் பிடிக்க வேண்டுமாம், போய்விட்டார்கள். அதனால் இப்போது நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மருமகள் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண், தமிழில் படித்தவள். "அத்தை, சீக்கிரம் சொல்லுங்க" என்கிறாள். நான் எதையும் சீக்கிரம் சொன்னதில்லை. அடுப்பில் குக்கர் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தது அவள் தப்பு.

நான் தனபாக்கியம். செகந்திராபாத் மெட்டுகூடா. எங்கள் தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். என் தமிழைக் கேட்டால் ஊர்த் தமிழர்கள் சிரிப்பார்கள், நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ எல்லாம் வரும். சிரித்தவர்களின் பிள்ளைகளைத்தான் நான் வளர்த்தேன்.

வேலை கற்றது திருமலகிரியில், பட்டாளத்து ஆபீசர் வீடுகளில். ஐயா சாப்பிட உட்கார்ந்தால் வீட்டில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கக் கூடாது. அதுதான் பள்ளிக்கூடம், அதுதான் பாடம். வாய் கோணுவதற்கு முன் பால் புட்டி போயிருக்க வேண்டும். கண் சொருகுவதற்கு முன் தொட்டில் ஆடியிருக்க வேண்டும். சில வருஷங்களில், ஒரு பிள்ளை கன்னத்தைச் சொறிகிற விதத்தைப் பார்த்தே அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவேன். என் கையில் இருந்த பிள்ளை அழுது யாரும் கேட்டதில்லை. அந்தப் பேரோடுதான், ஹைடெக் சிட்டிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நாளில், மாதாப்பூர்க் காப்பகத்துக்கு வேலை கேட்டுப் போனேன்.

அங்கே மேலாளர் சுகந்தி மேடம். நாகர்கோவில்காரர், சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, உயரமாக, கஞ்சி போட்ட சேலையில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யாரையும் திட்ட மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் பயங்கரம். அதைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவர் எதையாவது பேசுவார், இன்னும் பேசுவார், கடைசியில் மனசில் இருந்ததைக் கொட்டிவிடுவார்.

ஒருமுறை ஒரு தகப்பனார், கழுத்தில் ஆபீஸ் அட்டை ஆட ஆட, சண்டைக்கு வந்தார். வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறார்களாம், இங்கே அனுப்பியதால் மகன் தெலுங்கு பேசுகிறானாம்.

"வீட்ல யாரு பேசுறது?" என்று கேட்டுவிட்டு மேடம் சும்மா இருந்தார்.

"நாங்கதான் பேசுறோம். நான்... எனக்குக் கொஞ்சம் லேட்டாகும். என் ஒய்ஃப்தான். அவளுக்கும் போன் கால் இருக்கும். சண்டே பேசுவோம். சண்டே காலைல தூங்கிடுவோம்..."

போகும்போது அவர் மேடத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நானும் யாதம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். யாதம்மா என்னோடு வேலை பார்த்தவள், தெலுங்குக்காரி, சிரிப்பை அடக்கத் தெரியாதவள்.

முதல் நாள் என்னிடமும் மேடம் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

"எந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு, அது கேக்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும் மேடம்."

வழக்கம்போலச் சும்மா இருந்தார். பிறகு, "அது கஷ்டமாச்சே" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் வணக்கம் வைத்தேன்.

மேடத்தின் காப்பகத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. 'அம்மா சொல்லு, ஆப்பிள் சொல்லு' என்று எந்தப் பிள்ளையையும் பிடுங்கக் கூடாது. எல்லாம் விளையாட்டோடு போக வேண்டும். அவரவர் பாஷையில் நிறையப் பேச வேண்டும், நான் தமிழில், யாதம்மா தெலுங்கில். குளிப்பாட்டும்போது எந்த இடத்தில் கை படுகிறதோ அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பந்தை உருட்டிவிட்டால் அது திரும்பி வரும்வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது, பேச்சும் அப்படித்தான் போய் வர வேண்டும் என்பார். பாட்டுப் பாடினால் கடைசிச் சொல்லை நாம் விழுங்கிவிட வேண்டும். பிள்ளை அதை எடுத்துப் போடும். பிஸ்கட்டை முழுசாகக் கொடுக்கக் கூடாது, ஒரு துணுக்குக் கொடுத்துவிட்டு டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும். சோப்புக் குமிழி ஊதுகிற புட்டியின் மூடியை நன்றாக இறுக்கிப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். அது திறக்க வராமல் நம்மிடம் வரும். வந்தால் உடனே திறந்துவிடக் கூடாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு அழகாக வந்தது. வராமல் என்ன?

ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை. வாரம் ஒரு ஆயா 'தெரியாதவர்' ஆக இருக்க வேண்டும். மேடம் வைத்த பெயர் அது. தெரியாதவர் டியூட்டியில் இருப்பவருக்கு எதுவுமே புரியக் கூடாது. பிள்ளை பந்தைக் காட்டினால் சீப்பை எடுத்துத் தர வேண்டும். டம்ளரைக் காட்டினால் அதைக் காதில் வைத்து ஹலோ சொல்ல வேண்டும். சட்டையைக் காலில் மாட்டப் பார்க்க வேண்டும். சிரிக்கக் கூடாது, நிஜமாகவே தெரியாதது போல "இதுவா?" என்று கேட்க வேண்டும். இதற்கும் அளவு உண்டு. பிள்ளையின் உதடு நடுங்கினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். அழ வைத்தால் ஆயா தோற்றாள் என்று அர்த்தம். பிள்ளைக்குச் சிரிப்பும் வர வேண்டும், 'ஐயோ, இந்த ஆளுக்குச் சொல்லித்தான் தீர வேண்டும்' என்ற எண்ணமும் வர வேண்டும்.

யாதம்மா இதில் கெட்டிக்காரி. அவள் பக்கெட்டுக்குள் உட்கார்ந்து பஸ் வந்துவிட்டதா என்று கேட்டால் பிள்ளைகள் கூட்டமாகக் கத்திச் சொல்லிக்கொடுக்கும்.

நான் ஒருநாளும் அந்த டியூட்டி எடுக்கவில்லை. "நக்கோ யாதம்மா, என் வாரத்தையும் நீயே செய். உன் பங்குக் கக்கூஸை நான் கழுவிடறேன்" என்று பேசி முடித்துவிட்டேன். சாயங்காலம் பெற்றவர்கள் வருகிற நேரம். படித்தவர்கள் நாலு பேர் பார்க்க நான் சீப்பால் சோறு ஊட்டிக்கொண்டு நிற்பதா? எனக்கென்று ஒரு பேர் இருக்கிறது.

அப்போதுதான் ஹரிணி வந்தாள்.

இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு சொல்கூடப் பேச்சு இல்லை. மேடம் முதலில் காது டாக்டரிடம் அனுப்பினார். காது நன்றாகவே கேட்கிறது, ஆறு மாதம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா கவிதா, அப்பா செந்தில், இரண்டு பேரும் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம், இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. செந்திலுக்கு ராத்திரி வேலை, பகலெல்லாம் தூங்குவான். கவிதா வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் காதில் போன், அமெரிக்காவோடு பேச்சு. ஆக அந்த வீட்டில் பிள்ளை அதிகம் கேட்டது "ஷ்ஷ்" என்ற ஒன்றைத்தான். அதற்கு வாயையே திறக்க வேண்டியதில்லை.

ஆனால் கண்ணும் கையும் இருந்தனவே! அப்படி ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. காதைத் தொட்டால் தூக்கம். என் முந்தானையை இழுத்தால் தண்ணீர். புருவத்தைத் தூக்கினால் குமிழி ஊத வேண்டும். மூக்கைச் சுருக்கினால் பக்கத்தில் ஒரு பையன் ஜட்டியை நனைத்துவிட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பெரிய பாஷையே ஓடியது. சாயங்காலம் கவிதா வந்ததும் பிள்ளை கையை ஆட்டும். அவளுக்கு ஒன்றும் விளங்காது.

"ஆயாம்மா, என்ன கேக்குறா?"

"அந்த மஞ்சள் கவுனுதான் நாளைக்குப் போடணுமாம்."

"எப்படி ஆயாம்மா கண்டுபிடிக்கிறீங்க!" என்பாள். மற்ற அம்மாக்களும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முந்தானையைச் சரிசெய்துகொள்வேன்.

ஒருநாள் கவிதா கேட்டிலேயே நின்று அழுதாள். செந்திலின் அக்கா கோபியிலிருந்து வருகிறாராம், பிள்ளையைக் கூட்டிப் போக. பெரிய வீடு, தென்னந்தோப்பு, எந்நேரமும் ஆள் நடமாட்டம், அங்கே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்கிறாராம்.

"நல்ல மனசுலதான் சொல்றாங்க, ஆயாம்மா. அவங்களுக்குப் பிள்ளை இல்ல, உயிரா பாத்துக்குவாங்க. இவரும் சரிங்கிறாரு. நான் முடியாதுன்னா, அப்ப வேலைய விட்டுட்டு வீட்ல இருந்து பேச வைங்கிறாங்க. எங்க ஊர்லருந்து இந்த வேலைக்கு வந்த முதல் பொண்ணு நான். ஆனா இவளை அனுப்பிட்டு நான் எப்படி... எனக்கு ரெண்டுல ஒண்ணு எப்படி..."

"எப்ப வராங்க?"

"தீபாவளி முடிஞ்சதும். நான் கால்ல விழாத குறையாக் கேட்டேன். 'நான் வர்றதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், விட்டுட்டுப் போயிடறேன்'னு சொல்லியிருக்காங்க."

ஹரிணி அம்மாவின் இடுப்பில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கட்டை விரலை மடக்கினாள். அம்மாவுக்கு மூக்குத் துடைக்கத் துணி வேண்டும் என்று அர்த்தம். கொடுத்தேன்.

மறுநாள் காலை நேராக மேடத்திடம் போனேன். முழுதும் கேட்டுக்கொண்டு, "ஹரிணி ஏன் பேசல்ல, தனம்?" என்றார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

இந்தப் பொறியில் மற்றவர்கள் விழுந்ததை எத்தனையோ தடவை கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தவள் நான். விழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, பின்கையோடு நின்றார். மின்விசிறி சுற்றியது.

"வீட்ல பேச ஆள் இல்ல மேடம்" என்றேன். அவர் சும்மா இருந்தார். "ஆனா நான் இருக்கேனே, நாள் பூராப் பேசறேனே." சும்மா இருந்தார். "அவளுக்கு என்னா குறை? தண்ணி வேணும்னா தண்ணி வருது, குமிழி வேணும்னா குமிழி வருது. அவ மனசுல நினைச்சா நான் கொண்டாந்து வச்சிடறேன். அவ எதுக்குப் பேசணும்?"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"அப்படியாக்கும்" என்றார் மேடம்.

இதில் என் குறை ஒன்றுமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். திறமை இருந்தது, காட்டினேன். "யாதம்மா அவளுக்குத் தெரியாதவரா இருக்கட்டும் மேடம்" என்றேன்.

"யாதம்மாவுக்கு எதுவுமே புரியாதுன்னு ஹரிணி நெனச்சிருக்கா. அவகிட்ட போகவே மாட்டா. உங்களுக்குப் புரியலேன்னாதான் அவளுக்கு வேற வழி இல்ல, பாத்துக்கிடுங்க."

முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அங்கே யாதம்மா காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"நக்கோ அக்கா, நீ வல்ல காது" என்றாள். உன்னால் ஆகாது என்று அர்த்தம். "மேடம் பாவம், ஆசைப்படறாங்க. தெரியாத மாதிரி இருக்கறது சும்மா இல்ல. அது ஒரு வேலை. உனக்கு அது வராது."

எனக்கு வராதா? பிள்ளை வளர்ப்பில் எனக்கு வராத ஒன்று யாதம்மாவுக்கு வருமா? திரும்பி உள்ளே போனேன். "இன்னிக்கே ஆரம்பிக்கறேன் மேடம்" என்றேன்.

ஹரிணி வந்தாள், பையை வைத்தாள், என் முந்தானையை இழுத்தாள். நான் போய்ச் சீப்பைக் கொண்டுவந்தேன். "இதுவா?" என்றேன்.

சீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி முந்தானையை இழுத்தாள், கொஞ்சம் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி. நான் தலையணையைக் கொண்டுவந்தேன். அவள் என்னைக் குனியச் சொல்லி, உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பிள்ளைகள் தூங்குகிற பாயில் என்னைப் படுக்க வைத்து, ஒரு துண்டைப் போர்த்திவிட்டாள். பிறகு தானே போய்ச் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

யாதம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் அதே கதைதான். நான் பந்துக்குப் பதில் பக்கெட் கொடுத்தால் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பந்தை எடுத்துக்கொள்வாள். சட்டையை என் காலில் மாட்டினால் பொறுமையாக உருவி, தானே போட்டுக்கொள்வாள். பேச்சு வரவில்லை, வீட்டு வேலை எல்லாம் வந்துவிட்டது. என்னைப் பார்க்கிற பார்வையில் கோபமில்லை, இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தனியா செய்ய முடியாத விஷயத்துல தெரியாதவரா இருங்க" என்றார் மேடம். குமிழிப் புட்டியை எடுத்தோம். மூடியை நான் உள்ள பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். ஹரிணி திருகிப் பார்த்தாள், வரவில்லை. என் மடியில் வைத்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். நான் புட்டியை உருட்டிப் பார்த்து, "இது என்னா, புரியலையே" என்றேன். மேடமும் வந்து எதிரில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சும்மா இருக்க ஆரம்பித்தார்.

எத்தனை பெரிய மனுஷர்களைப் பேச வைத்த சும்மா அது! ஹரிணியும் கையைக் கட்டிக்கொண்டாள். சும்மா இருந்தாள். நான் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தேன். பால்காரர் வந்து போனார். கடைசியில் மேடம்தான், "சாப்பாட்டு நேரம் ஆச்சே" என்று வாயைத் திறந்தார்.

எழுந்து போகும்போது என்னிடம், "இவ என்னையும் மிஞ்சிட்டா" என்றார். சிரிக்கப் பார்த்தார். ஆனால் முகத்தில் கவலைதான் தெரிந்தது. தீபாவளிக்குப் பலகாரம் எல்லாம் கடைகளில் வந்துவிட்டது. சாயங்காலம் கவிதா கேட்டுக்குள் வருமுன்னே தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று.

தீபாவளி போய்விட்டது. செந்திலின் அக்கா வந்துவிட்டார்.

ஈரோட்டில் ரயிலேறி வந்தவர், குளித்துவிட்டு, பிள்ளையைக் கூப்பிடக் கவிதாவோடு காப்பகத்துக்கே வந்தார். வாட்டசாட்டமான உடம்பு, கையில் முறுக்குத் தூக்கு, நல்ல சிரித்த முகம். பெற்றவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற நேரம். பிள்ளைகளை வீட்டில் விடுகிற ஆட்டோ கரீம் பாய் கேட்டில் நின்றார். ஹரிணி வீட்டுக்குப் போக ஷூவை எடுத்துவந்து என் முன்னால் வைத்துக் காலை நீட்டினாள். ஷூவின் வார் மட்டும் அவளுக்குத் தனியாக வராது.

இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் தெரிந்தது. ஷூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். "தொப்பியா இது?" என்றேன்.

"ஏம்மிணி கவிதா" என்றார் அக்கா, எல்லாருக்கும் கேட்க. "இந்தம்மாளுக்கு ஒண்ணுமே தெரியாதாட்ட இருக்குது! இவிங்ககிட்டயா புள்ளைய வுட்டுட்டுப் போறீங்க? அப்பறம் எப்படிப் பேச்சு வரும்?"

யாரோ ஒரு தகப்பனார் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஷூவை இறக்கிவிட்டு, 'நான் யார் தெரியுமா, திருமலகிரியில் வந்து கேளுங்கள்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வராந்தாவில் மேடம் பின்கையோடு நின்றிருந்தார். ஹரிணி காலை நீட்டியபடியே இருந்தாள்.

ஷூவை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன். கீழே உட்கார்ந்தேன். அவர் காலைப் பிடித்து, அந்தச் சின்ன ஷூவை அவர் கட்டை விரலில் மாட்டி, "இவங்களோடதா?" என்று ஹரிணியைக் கேட்டேன்.

"அடக் கடவுளே, வுடுங் அம்மிணி!" என்று அக்கா ஒற்றைக் காலில் துள்ளினார்.

"நக்கோ!" என்று ஒரு சத்தம்.

ஹரிணி எழுந்து ஓடி வந்தாள். ஷூவைப் பிடுங்கினாள். தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேராக, "நக்கோ! நக்கோ!" என்றாள்.

கவிதாவின் கைப்பை கீழே விழுந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாதம்மா கையிலிருந்த பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். எல்லாரும் பேச, அக்கா மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"இப்ப என்ன ஆச்சுங்?"

"அண்ணி, பேசிட்டா! நக்கோன்னா!"

"அது பேச்சாக்கும்? புள்ளைங்க ங்கா ங்காங்கிறதில்லையா, அதாட்ட இருக்குது."

"அது வார்த்தைதான் அண்ணி. இந்த ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். பாய்! நக்கோன்னா என்னன்னு இவங்களுக்குச் சொல்லுங்க பாய்!"

கரீம் பாய் ஆட்டோவிலிருந்து இறங்கி, மரியாதையாகக் கையை நெஞ்சில் வைத்து, "நக்கோ போலே தோ நக்கோ, அம்மா. கைக்கு பூச்ரே?" என்றார். நக்கோ என்றால் நக்கோதான், எதற்குக் கேட்கிறீர்கள் என்று.

"அவரும் அதையேதானுங் சொல்றாரு!" என்றார் அக்கா.

யாதம்மா முன்னால் வந்து தெலுங்கில் விளக்கினாள். அது அதைவிட மோசம். கடைசியில், சற்றுமுன் சிரித்த அந்தத் தகப்பனாரே, "வேண்டாம்னு அர்த்தம் ஆன்ட்டி. இங்க வந்த புதுசுல நாங்க முதல்ல கத்துக்கிட்டதே அதுதான்" என்றார்.

"அப்ப தமிழ்ல ஒண்ணு சொல்லட்டுங்."

கவிதா எழுந்தாள். நாத்தனார் எதிரில் குரலை உயர்த்திப் பேசாத பெண் அவள். "ஒரு வார்த்தைன்னுதானே அண்ணி சொன்னீங்க. எந்தப் பாஷைன்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

அக்கா அவளைப் பார்த்தார். முறுக்குத் தூக்கைக் கீழே வைத்தார். ஹரிணியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சாமி, அத்தைகூட ஊருக்கு வர்றியா? தோப்பு இருக்குது, கன்னுக்குட்டி இருக்குது. வா கண்ணு, போலாம்" என்றார். நான் பொய் சொல்ல மாட்டேன், அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஹரிணி யோசித்தாள். அக்காவின் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நக்கோ" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏனுங் அம்மிணி, இப்ப என்ன சொல்றா?" என்றார். புரியாமலா கேட்டார்? யாராவது வேறு மாதிரி சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டார்.

"எனக்குத் தெரியலையேம்மா" என்றேன். "அவளையே கேளுங்க."

கேட்டார். அவள் சொன்னாள். மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்கைத் திறந்து எல்லாருக்கும் முறுக்குக் கொடுத்தார்.

ஹரிணி இருந்துவிட்டாள். அக்காவுக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது அடுத்த வாரம்தான். பகலில் வீட்டில் தம்பி தூங்குகிறான், சத்தமே கூடாது. அவர் சத்தம் இல்லாமல் இருக்கப் பிறந்தவர் இல்லை. அதனால் ஹரிணியோடு காப்பகத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அங்கேதான் எனக்குச் சோதனை வந்தது. அவருக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. பிள்ளைகள் தெலுங்கில் தண்ணீர் கேட்டால் அவர் துண்டு கொடுத்தார். இந்தியில் கதவைத் திறக்கச் சொன்னால் தலையைத் தடவிவிட்டார். நடிப்பே இல்லை! பிள்ளைகள் வரிசையில் நின்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தன. வாயே திறக்காத இரண்டு பிள்ளைகள் அந்த வாரத்தில் திறந்தன.

மேடம் என்னைக் கூப்பிட்டு, "பாருங்க தனம், எவ்வளவு இயல்பா செய்யுறாங்க" என்றார்.

தெரியாதவர் தெரியாதவராக இருப்பதில் என்ன சாமர்த்தியம்? எல்லாம் தெரிந்துகொண்டு இருந்து பார்க்கச் சொல்லுங்கள். மருமகள், "அத்தை, இது வேணாமே" என்கிறாள். எழுது என்றேன்.

அக்காவுக்கு என் மேல் மட்டும் பெரிய அக்கறை. எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டார். மேடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, பிள்ளைகள் எதிரில் அதைச் சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும். தினமும் என்னைத் தனியாக உட்கார வைத்து, "இது சீப்புங், தலைக்கு. இது செருப்புங், காலுக்கு" என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். நான் தப்பாகச் சொன்னால், "மக்கு, மக்கு" என்று செல்லமாகத் தலையில் தட்டுவார். ஹரிணி பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் முழுதும் கேட்டாள். அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் உலகத்தில் இல்லை.

அக்கா ஊருக்குப் போகிற நாள். பெட்டியோடு கேட்டில் நின்றார். கவிதா, செந்தில், மேடம், யாதம்மா, கரீம் பாய், மற்றப் பெற்றோர், எல்லாரும் இருந்தார்கள். அக்கா கடைசியாக ஒருமுறை ஹரிணியின் ஷூவை எடுத்து என்னிடம் நீட்டி, "சொல்லுங் பாக்கலாம், இது எதுக்குங்?" என்றார். நான் அதைக் காதில் வைத்து, "ஹலோ" என்றேன்.

ஹரிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அத்தையைப் பார்த்து, என்னைக் காட்டி, தெளிவாகச் சொன்னாள்: "ஆயா மக்கு."

செந்தில் "ஏய்" என்றான். மேடம் மட்டும் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். "ரெண்டு சொல்லைச் சேத்துட்டா" என்றார். கண் மின்னியது. பிறகு என்னைப் பார்த்தார். பின்கையோடு நின்று, சும்மா இருந்தார்.

எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிள்ளை ஒன்றைச் சொன்னால் அதைத் திருத்தக் கூடாது, கண்டிக்கக் கூடாது. அது சொன்னதையே எடுத்து, ஒரு சொல் கூட்டி, திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த படி ஏறும். அதுதான் முறை. படித்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "ஆயா பெரிய மக்கு."

நன்றாக நிறுத்தி, மெதுவாகச் சொன்னேன். ஹரிணி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்றையும் சொன்னாள்.